மெக்லூஃபி அந்த நான்கு ஆண்டுகளை வீணடித்தாரா?

கேள்வி: 9 நவம்பர் 2024

அல்ஜீரியக் கால்பந்து வீரர் ரஷீத் மெக்லூஃபி நேற்று துனீசியத் தலைநகர் தூனிஸில் காலமானார், வயது 88. வந்த இரங்கல் குறிப்புகள் எல்லாம் 1958-இல் பிரான்ஸ் அணியைத் துறந்து அல்ஜீரிய விடுதலைப் போருக்காக ஆடப் போனவர் என்றே அவரைப் போற்றுகின்றன. நான் கொஞ்சம் மாற்றிக் கேட்கிறேன். 21 வயதில் போனவர் 26 வயதில் திரும்பினார். ஓர் ஆட்டக்காரனின் பொன்னான காலம் அது. அங்கீகாரமே இல்லாத ஓர் அணிக்கு அதைக் கொடுத்தது வீண் இல்லையா? இருந்திருந்தால் அந்தக் காலப் பிரெஞ்சு நட்சத்திரங்களான கோப்பா, ஃபோந்தேன் பெயர்களோடு இவர் பெயரும் நின்றிருக்கும் அல்லவா?

9 நவம்பர் 2024, இரவு

வீண் என்று சொல்வதற்கு முன் கணக்கைப் பார்ப்போம். மெக்லூஃபி 1936 ஆகஸ்டில் அல்ஜீரியாவின் செத்தீஃப் நகரில் பிறந்தவர். 1954-இல் 18 வயதில் செந்த் எத்தியேன் கழகத்துக்கு வந்தார். 1957-இல் அந்தக் கழகம் தன் வரலாற்றில் முதன்முறையாக பிரெஞ்சு முதல் டிவிஷன் பட்டத்தை வென்றபோது, கேமரூன்காரரான எழேன் ன்ஜோ லேயாவுடன் சேர்ந்து முன்களத்தில் கோல்களைக் குவித்தவர் இவர்தான். பிரான்ஸ் தேசிய அணிக்காக 1956, 1957 ஆண்டுகளில் நான்கு ஆட்டங்கள் ஆடினார். முதல் ஆட்டம் சோவியத் யூனியனுக்கு எதிரானது. 1957-இல் புவனோஸ் ஐரஸில் நடந்த உலக இராணுவக் கால்பந்துப் போட்டியை வென்ற பிரெஞ்சு இராணுவ அணியிலும் இருந்தார். போகும் முன்பு இவ்வளவு.

திரும்பி வந்த பிறகு நடந்தது: 1963-இல் இரண்டாம் டிவிஷன் பட்டம், 1964, 1967, 1968 ஆண்டுகளில் முதல் டிவிஷன் பட்டம், 1968-இல் பிரெஞ்சுக் கோப்பை. பெரும்பகுதி பின்னால்தான் இருக்கிறது. வீணடித்தவனின் வரவு இப்படியா இருக்கும்?

10 நவம்பர் 2024

அவர் புறப்பட்ட விதத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் அதை ஏதோ விமானச்சீட்டு வாங்கிக்கொண்டு போன பயணம் போல எழுதிவிடுகிறார்கள்.

1958 ஏப்ரல் நடுவில், பிரெஞ்சு ஆட்சிக்கு எதிராகப் போரிட்ட தேசிய விடுதலை முன்னணியின் திட்டப்படி, தூனிஸில் ஓர் அணி அமைக்க, பிரான்ஸில் ஆடிக்கொண்டிருந்த அல்ஜீரியத் தொழில்முறை வீரர்கள் சிறு சிறு குழுக்களாக, ஒருவர் போவது மற்றவருக்குத் தெரியாதபடி மறைய வேண்டும் என்று ஏற்பாடு. ஒருங்கிணைத்தவர் முகம்மது பூமெஸ்ராக். மெக்லூஃபி அப்போது கட்டாய இராணுவச் சேவையில் இருந்தார். மற்றவர்களுக்கு அது ஒப்பந்த மீறல். இவருக்கு, அதுவும் போர்க்காலத்தில், படையைவிட்டு ஓடுதல். மாட்டியிருந்தால் கழக அபராதத்தோடு போயிருக்காது.

ஏப்ரல் 13 அன்று பெசியே அணிக்கு எதிரான ஆட்டத்தில் தலையில் அடிபட்டு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். மறுநாள் லியோன் கழகத்தின் அப்தெல் ஹமீத் கெர்மாலியும், இன்னொரு வீரரான மொக்தார் அரீபியும் காரில் வந்து அவரை வெளியே கொண்டுபோனார்கள். தலையில் கட்டு, மருத்துவமனை உடுப்பு, சுவிஸ் எல்லையை நோக்கி ஓடும் கார். வீரர்கள் காணாமல் போன செய்தி வானொலியில் வரத் தொடங்கியிருந்தது; எல்லைக் காவலர்களின் காதுக்கு அது இன்னும் எட்டியிருக்கவில்லை. சுவிட்சர்லாந்து, பிறகு ரோம், பிறகு தூனிஸ்.

எல்லோருக்கும் இந்த வாய்ப்பு அமையவில்லை. ரெம்ஸ் கழகத்தின் முகம்மது மவூஷும் மொனாக்கோவின் ஹசன் ஷப்ரியும் பிடிபட்டார்கள்.

10 நவம்பர் 2024, சற்றுப் பின்னர்

ஒருவர் கேட்கிறார்: “இரண்டு பேர் வந்து கூப்பிட்டதும் 21 வயதுப் பையன் கிளம்பிவிடுவானா? மிரட்டியிருக்க மாட்டார்களா?”

அந்த இரண்டு பேர் யார் என்பதைக் கவனியுங்கள். கெர்மாலியும் செத்தீஃப்காரர், அரீபியும் செத்தீஃப்காரர். மெக்லூஃபி சிறுவனாகப் பார்த்து வியந்த ஊர் அண்ணன்கள். ஏதோ ஓர் இயக்கத் தூதர் வந்து கதவைத் தட்டியிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ தெரியாது. ஊர் அண்ணன் வந்து நின்றால் பேச்சே வேறு. இயக்கத்துக்கும் அது தெரிந்திருக்கிறது.

செத்தீஃப் என்ற பெயரும் சாதாரணமானதல்ல. 1945 மே 8 அன்று, ஐரோப்பா நாஜிகளின் சரணடைதலைக் கொண்டாடிய அதே நாளில், செத்தீஃப் ஊர்வலத்தில் அல்ஜீரியக் கொடியைப் பிடித்திருந்த பூசித் சால் என்ற இளைஞரைக் காவலர் சுட்டுக் கொன்றார். கலவரத்தில் நூறு ஐரோப்பியர் அளவில் மாண்டார்கள். பதிலடியாகப் பிரெஞ்சுப் படையும் ஆயுதம் ஏந்திய குடியேறிகளும் வாரக்கணக்கில் கொன்றவர்களின் எண்ணிக்கை, கணக்கிடுபவரைப் பொறுத்து ஆயிரத்திலிருந்து நாற்பத்தைந்தாயிரம் வரை போகிறது. மெக்லூஃபிக்கு அப்போது எட்டு வயது. அந்த ஊரில் அந்த வயதில் அந்த மாதத்தைக் கடந்தவரிடம் “அரசியலுக்காகப் போனாயே” என்று கேட்பது சரியான கேள்வியாக எனக்குப் படவில்லை.

12 நவம்பர் 2024

உலகக் கோப்பையைப் பற்றி. இதில் நான் கேள்வி கேட்டவரோடும் சண்டை போடுவேன், இரங்கல் எழுதியவர்களோடும் சண்டை போடுவேன்.

1958 ஜூனில் ஸ்வீடனில் பிரான்ஸ் மூன்றாம் இடம் பெற்றது. ஃபோந்தேன் 13 கோல் அடித்தார். அந்த எண்ணிக்கையை ஒரே உலகக் கோப்பையில் இன்றுவரை யாரும் எட்டவில்லை. மெக்லூஃபி உத்தேசப் பட்டியலில் இருந்தார். ஆனால் முன்களத்தில் கோப்பா, பியான்தோனி, ஃபோந்தேன் இருந்தார்கள். ஃபோந்தேனே ரெனே பிளியாருக்கு அடிபட்டதால்தான் நடு முன்களத்தில் இடம்பிடித்தார் என்பதை நினைவில் வைத்தால், நான்கு ஆட்டம் மட்டுமே ஆடியிருந்த 21 வயதுக்காரருக்கு நிச்சய இடம் இருந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது.

நிச்சய இடம் இருந்தவர் இன்னொருவர்: மொனாக்கோவின் தடுப்பாட்டக்காரர் முஸ்தபா ஜித்தூனி. அந்த மார்ச்சில் ஸ்பெயினுக்கு எதிரான ஆட்டத்தில் ரியால் மத்ரீத் நட்சத்திரம் தி ஸ்தெஃபானோவை அடக்கி ஆடியவர். அந்தக் கழகமே அவர்மேல் கண்வைத்திருந்தது. ஏப்ரல் 16 அன்று சுவிட்சர்லாந்துக்கு எதிரான நட்பு ஆட்டத்தில் பிரான்ஸுக்காக இறங்க வேண்டியவர், அதற்குள் எல்லையைத் தாண்டிவிட்டார். ஸ்வீடனில் பிரான்ஸ் ஆறு ஆட்டத்தில் 23 கோல் போட்டது, 15 கோல் வாங்கியது. கோல் போட ஆள் பஞ்சம் இல்லை. தடுக்கத்தான் ஆள் இல்லை. பிரேசிலுடன் அரையிறுதியில் தடுப்பாட்டக்காரர் ழோங்கே காலொடிந்து முடங்க, மாற்று வீரர் இறக்கும் விதியே இல்லாத அந்தக் காலத்தில் 5-2 என்று முடிந்தது. பிரான்ஸ் இழந்தது யாரை என்று கேட்டால் என் பதில் ஜித்தூனி. மெக்லூஃபி பெயர் மேலே வருவதற்குக் காரணம், அவர் பின்னால் வென்ற பட்டங்கள்.

12 நவம்பர் 2024, இரவு

இதை எழுதிவிட்டுப் படுத்தால் தூக்கம் வரவில்லை. முதல் குறிப்பில் “வீணில்லை, திரும்பி வந்து பட்டங்கள் வென்றார்” என்று எழுதினேன். அந்த வாதம் மெக்லூஃபிக்குப் பொருந்துகிறது. ஜித்தூனிக்கு?

1928-இல் பிறந்தவர், போகும்போது 29, போர் முடிந்தபோது 33. தடுப்பாட்டக்காரனுக்கு 29 முதல் 33 வரைதான் ஆட்டம் கனியும் காலம். பிரெஞ்சுக் கால்பந்தின் உச்சிக்கு அவர் மறுபடி வரவேயில்லை. அல்ஜீரியாவில் ஆடி, அங்கேயே முடித்துக்கொண்டார். அவரோடு மொனாக்கோவிலிருந்து போன அப்தெல் அசீஸ் பென் திஃபூர் 1954 உலகக் கோப்பையில் பிரான்ஸுக்காக ஆடியவர். அவருக்கு வயது இன்னும் கூட.

ஆக, எல்லோரும் ஒன்றாகப் போனார்கள் என்றாலும் எல்லோரும் ஒரே விலை கொடுக்கவில்லை. கேள்வியில் மெக்லூஃபியின் பெயருக்குப் பதிலாக ஜித்தூனியின் பெயர் இருந்தால், “இழந்தார்” என்பதை நானும் மறுக்க மாட்டேன். “வீணா” என்பதற்கு மட்டும் இன்னும் இல்லை என்றுதான் சொல்வேன், ஆனால் பட்டங்களைக் காட்டிச் சொல்ல முடியாது.

15 நவம்பர் 2024

“நான்கு ஆண்டு உருப்படியான ஆட்டம் இல்லாமல் இருந்தவன் எப்படி மறுபடி முதல் டிவிஷனில் ஆடினான்?” என்று கேட்டிருக்கிறார் ஒருவர். நல்ல கேள்வி. முழங்கால் காயத்தால் நெடுநாள் ஒதுங்கியிருந்துவிட்டுக் கல்லூரி அணிக்குத் திரும்பியவன் நான். பந்தைத் தொடும் பழக்கம் போகவில்லை, ஆனால் எதிராளி எப்போது வந்து விழுவான் என்ற கணிப்பு அடியோடு போயிருந்தது. பந்து வந்ததும் எனக்கு நேரம் இருக்கிறது என்று நினைப்பேன், இருக்காது.

மெக்லூஃபிக்கு அந்த நிலை வரவில்லை, ஏனென்றால் அவர் ஒதுங்கியிருக்கவில்லை. விடுதலை முன்னணி அணி 1958 மே மாதம் தூனிஸில் மொராக்கோ, துனீசியா அணிகளோடு தொடங்கி, 1962 வரை வட ஆப்பிரிக்கா, மத்தியக் கிழக்கு, கிழக்கு ஐரோப்பா, சீனா, வியட்நாம் என்று சுற்றி எண்பது தொண்ணூறு ஆட்டம் ஆடியது. ஃபிஃபா அங்கீகாரம் தராததோடு, அவர்களோடு ஆடும் நாடுகள்மேல் நடவடிக்கை எடுப்போம் என்றும் மிரட்டியது. அதனால் பல இடங்களில் எதிரணி தேசிய அணி என்ற பெயரில் இறங்காது. நகர அணி, தொழிற்சங்க அணி, இராணுவ அணி என்று ஏதாவதொரு பெயரில் இறங்கும். சட்டைதான் வேறு, உள்ளே இருப்பவர்கள் பெரும்பாலும் நல்ல ஆட்டக்காரர்கள். 1961-இல் பெல்கிரேடில் யூகோஸ்லாவியர்களை 6-1 என்று வென்றார்கள். யூகோஸ்லாவியா அப்போது ரோம் ஒலிம்பிக் தங்கமும் ஐரோப்பிய இறுதியாட்டமும் கண்ட நாடு.

அத்தோடு அந்த அணியில் இருந்தவர்களில் பெரும்பாலோர் பிரெஞ்சுக் கழகங்களில் தேறியவர்கள். ஒரே பத்துப் பதினைந்து பேர் நான்கு ஆண்டு சேர்ந்தே உண்டு, உறங்கி, ஆடினால் யார் எப்போது எங்கே ஓடுவான் என்பதைத் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. எந்தக் கழகத்திலும் கிடைக்காத வசதி அது. தூனிஸில் தங்க வீடும் மாத ஊதியமும் கொடுத்தார்கள். பிரான்ஸில் வாங்கியதோடு ஒப்பிட்டால் அது சொற்பம்.

15 நவம்பர் 2024, பின்குறிப்பு

வியட்நாம் பயணத்தைப் பற்றி வீரர்கள் பின்னாளில் சொல்லிச் சிரித்த கதை ஒன்று உண்டு. 1954-இல் தியன் பியன் பூவில் பிரெஞ்சுப் படையை முறியடித்த ஜெனரல் கியாப் அவர்களைச் சந்தித்தாராம். அல்ஜீரியர்கள் வியட்நாம் அணியை வென்றுவிட்டிருந்தார்கள். “நாங்கள் பிரான்ஸை வென்றோம், நீங்கள் எங்களை வென்றீர்கள், ஆகவே நீங்கள் பிரான்ஸை வெல்வீர்கள்” என்று அவர் கணக்குப் போட்டுக் காட்டினாராம். கால்பந்துப் புள்ளிப்பட்டியல் இப்படி வேலை செய்வதில்லை என்று சொல்ல அங்கே யாருக்கும் துணிவு வந்திருக்காது.

23 நவம்பர் 2024

இப்போது நான் எழுத விரும்பிய பகுதி: திரும்பி வந்தது.

1962 மார்ச்சில் போரை நிறுத்திய எவியான் உடன்படிக்கை, ஜூலையில் விடுதலை, அதைத் தொடர்ந்து அல்ஜீரியாவிலிருந்து லட்சக்கணக்கான ஐரோப்பியர்கள் மூட்டை முடிச்சோடு பிரான்ஸுக்கு வந்து இறங்கிய கோடை. அந்த ஆண்டின் கடைசியில், படையைவிட்டு ஓடிய அல்ஜீரியர் ஒருவர் பிரெஞ்சுக் கழகமொன்றின் சட்டையைப் போட்டுக்கொண்டு மைதானத்தில் இறங்குகிறார். போருக்குப் பின் வந்த பொதுமன்னிப்பு ஆணைகள் சட்டச் சிக்கலைத் தீர்த்திருக்கலாம். அரங்கில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஆணை பிறப்பிக்க முடியுமா? அல்ஜீரியாவில் மகனைப் பறிகொடுத்த வீடுகள் அந்த ஊரிலும் இருந்தன.

நேரே வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். முதலில் ஜெனீவாவின் செர்வெத் கழகத்தில் கொஞ்சக் காலம் ஆடினார். அங்கே பயிற்சியாளர் ழான் ஸ்னெல்லா. செந்த் எத்தியேனில் 18 வயதுப் பையனாக வந்தவரை வார்த்தெடுத்தவர் அவரே. செந்த் எத்தியேன் நிலையோ அப்போது வேடிக்கையானது: 1962-இல் பிரெஞ்சுக் கோப்பையை வென்றது, அதே பருவத்தில் இரண்டாம் டிவிஷனுக்கு இறக்கப்பட்டது. தலைவர் ரோஜே ரொஷேவுக்கு மேலே ஏற ஓர் ஆட்டக்காரர் தேவை.

திரும்பிய முதல் ஆட்டத்தைப் பற்றி மெக்லூஃபியே சொன்னது இதுதான். மைதானத்துக்குள் நுழைந்தபோது அரங்கில் சத்தமே இல்லை. வசையும் இல்லை, வாழ்த்தும் இல்லை. முதல் பந்து காலுக்கு வந்தது, ஒன்றிரண்டு பேரைக் கடந்து பந்தைக் கொடுத்தார், கைதட்டல் தொடங்கியது. பிறகு எந்தப் பிரச்சினையும் இருக்கவில்லை.

நான் செந்த் எத்தியேனில் வேலை பார்த்த காலத்தில், குடியிருந்த கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஓர் அல்ஜீரிய முதியவர் இருந்தார். சுரங்கத்தில் உழைத்து ஓய்வு பெற்றவர். மெக்லூஃபியின் ஆட்டம் எப்படியிருக்கும் என்று ஒருநாள் கேட்டேன். வாயால் சொல்லாமல், கூடையிலிருந்து ஆரஞ்சு ஒன்றை எடுத்துத் தரையில் வைத்து, வீட்டுச் செருப்பின் அடிப்பாகத்தால் அதை மெல்ல அழுத்தி நிறுத்திவிட்டு, தலையை நிமிர்த்திக் கூடத்தின் இரு மூலைகளையும் பார்த்தார். “எதிராளி வரட்டும் என்று காத்திருப்பார். அவன் காலை நீட்டும்வரை பந்தை விடமாட்டார்” என்றார். பிறகு செருப்பின் உள்பக்கத்தால் லேசாகத் தட்ட, ஆரஞ்சு அலமாரிக்கடியில் போய்விட்டது. அதை எடுத்துத் தரும் வேலை எனக்கு.

அவரிடமே கேட்டேன், அரங்கில் எதிர்ப்பு இருக்கவில்லையா என்று. சுரங்கத்தில் கூட வேலை செய்த பிரெஞ்சுக்காரர்கள் போர் முடியும்வரை மெக்லூஃபியின் பெயரைத் தன் முன்னால் எடுக்கவே மாட்டார்கள் என்றும், 1962 டிசம்பருக்குப் பிறகு திங்கள்கிழமை காலைகளில் தன்னிடம் வந்து அந்த ஆட்டத்தைப் பற்றி மட்டும் பேசுவார்கள் என்றும் சொன்னார். போரைப் பற்றி அப்போதும் பேச்சில்லை. அதைச் சமாதானம் என்று நான் எழுதத் தயங்குகிறேன். ஏதோ ஒன்றைப் பேசாமலிருக்க இன்னொன்று கிடைத்தது. அந்த இன்னொன்று மெக்லூஃபியின் கால்.

24 நவம்பர் 2024

மேலே எழுதியதைப் படித்த ஒருவர், “விளையாட்டு மக்களை இணைக்கும் என்பதற்கு இது சான்று” என்கிறார். மெதுவாக. அதே பிரான்ஸில், அதற்கு முந்தைய ஆண்டான 1961-இன் அக்டோபர் 17 இரவு, பாரிஸ் நகரில் ஊர்வலம் போன அல்ஜீரியர்களைக் காவல்துறை அடித்துக் கொன்று சேன் ஆற்றில் வீசியது. ஒரு ஊர் ஓர் ஆட்டக்காரரை ஏற்றுக்கொண்டது; அதற்குக் காரணம் அந்த ஊர் அவரை 18 வயதிலிருந்து அறிந்திருந்தது, அவர் கோல் போட்டார், கழகம் இரண்டாம் டிவிஷனில் கிடந்தது. தோற்றுக்கொண்டே இருந்திருந்தால் கதை எப்படிப் போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

1 டிசம்பர் 2024

பாரிஸ் அருகேயுள்ள கொலோம்ப் மைதானத்தைப் பற்றி ஒருவர் கேட்டதால், இரண்டு நாட்களை அருகருகே வைக்கிறேன்.

1957 மே 26: பிரெஞ்சுக் கோப்பை இறுதி. தூலூஸ் அணி ஆன்ழே அணியை 6-3 என்று வென்றது. வென்ற அணியில் ஹமீத் பூஷூக், சயீத் பிராஹிமி என்ற இரு அல்ஜீரியர்கள். பார்வையாளர் மேடையில் குடியரசுத் தலைவர் ரெனே கொத்தி. அவரது விருந்தினர்களில் அலி ஷெக்கால், அல்ஜீரியச் சட்டமன்றத்தின் முன்னாள் துணைத் தலைவர், பிரான்ஸ் ஆதரவாளர். ஆட்டம் முடிந்து வெளியே வரும்போது பென் சதோக் என்ற இளைஞர் ஷெக்காலைச் சுட்டுக் கொன்றார். அன்று கோப்பையைத் தூக்கிய பூஷூக்கும் பிராஹிமியும் அடுத்த ஏப்ரலில் தூனிஸில் இருந்தார்கள்.

1968 மே 12: அதே கொலோம்ப், அதே கோப்பையின் இறுதி. செந்த் எத்தியேன் 2, போர்தோ 1. இரண்டு கோலும் மெக்லூஃபி. கோப்பையைக் கையில் கொடுத்தவர் குடியரசுத் தலைவர் தே கோல். அல்ஜீரியப் போரை நடத்தியவரும் முடித்துவைத்தவரும் அவரே. “பிரான்ஸ் என்றால் நீங்கள்தான்” என்று தே கோல் தன்னிடம் சொன்னதாக மெக்லூஃபி பின்னாளில் சொல்லியிருக்கிறார். இரங்கல் குறிப்புகள் அனைத்திலும் அந்த வரி இருக்கிறது.

எனக்கு அந்த வாக்கியத்தைவிட அந்தத் தேதி சுவையாக இருக்கிறது. மே 10 இரவு பாரிஸ் இலத்தீன் வட்டாரத்தில் மாணவர்கள் தடுப்பரண் எழுப்பிக் காவல்துறையோடு மோதினார்கள். மே 13 பொது வேலைநிறுத்தம். இரண்டுக்கும் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கலைந்துகொண்டிருக்கும் நாட்டின் தலைவர் மைதானத்தில் நின்று, பத்தாண்டுகளுக்கு முன் தன் நாட்டுப் படையைவிட்டு ஓடியவருக்குக் கோப்பை கொடுக்கிறார். பிரான்ஸ் யார் என்று அந்த வாரம் அவருக்கே ஐயம் இருந்திருக்கும். கையில் கிடைத்தவரைச் சொல்லியிருக்கலாம்.

1 டிசம்பர் 2024

ஆமாம், 1968-இல் கோப்பை வென்ற அந்தச் செந்த் எத்தியேன் அணியில் சலீஃப் கெய்த்தாவும் இருந்தார். மாலியிலிருந்து 1967-இல் வந்தவர். பாரிஸ் விமான நிலையத்தில் அழைத்துப்போக யாரும் இல்லாததால், வாடகைக்காரில் ஏறி “செந்த் எத்தியேன் போ” என்றாராம். ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல். கழகம் கூலியைக் கொடுத்தது. மெக்லூஃபி காரில் செந்த் எத்தியேனைவிட்டு ஓடினார், கெய்த்தா காரில் வந்து சேர்ந்தார் என்று எழுதலாம் என்று ஒருவர் யோசனை சொல்கிறார். நீங்களே எழுதுங்கள் ஐயா.

8 டிசம்பர் 2024

மெக்லூஃபியை மட்டுமே பேசிக்கொண்டிருக்கிறோம். 1963-64 பருவத்தின் பிரெஞ்சு முதல் டிவிஷனைப் பாருங்கள். பட்டம் வென்றது செந்த் எத்தியேன், மெக்லூஃபியோடு. பயிற்சியாளர் மறுபடி ஸ்னெல்லா. அதிக கோல் அடித்தவர் லான்ஸ் கழகத்தின் அஹ்மத் ஊஜானி, 30 கோல். ஊஜானியும் தூனிஸிலிருந்த விடுதலை முன்னணி அணியில் ஆடியவர். ஆக, போர் முடிந்து இரண்டே ஆண்டில், பிரெஞ்சுக் கால்பந்தின் பட்டமும் கோல் முடியும் விடுதலை முன்னணிச் சட்டை போட்டவர்களின் கைக்குப் போயின. கிழக்கு ஐரோப்பாவில் தொழிற்சங்க அணிகளோடு ஆடி மழுங்கிவிட்டார்கள் என்ற பேச்சுக்கு இதைவிட நல்ல மறுப்பு தெரியவில்லை. அந்தப் பருவத்தின் நடுவில், 1964 ஜனவரி 1 அன்று, அல்ஜியர்ஸில் அல்ஜீரியா மேற்கு ஜெர்மனியை 2-0 என்று வென்றது.

ஊஜானி கதைக்கு வால் ஒன்று உண்டு. 1990-இல் அல்ஜியர்ஸில் நடந்த ஆப்பிரிக்கக் கோப்பை இறுதியில் நைஜீரியாவுக்கு எதிராக ஒரே கோலைப் போட்டு அல்ஜீரியாவை வெல்லவைத்தவர் அவர் மகன் ஷெரீஃப். பயிற்சியாளர் யார் தெரியுமா? மருத்துவமனைக்குக் காரில் வந்த அதே கெர்மாலி.

14 டிசம்பர் 2024

“பயிற்சியாளராக மெக்லூஃபி சாதித்தது என்ன?” சுருக்கமாக: 1968-க்குப் பிறகு பஸ்தியா கழகத்தில் ஆடி முடித்துவிட்டு அல்ஜீரியா போனார். 1975-இல் அல்ஜியர்ஸில் நடந்த மத்தியதரைக்கடல் போட்டியின் இறுதியில் அவர் பயிற்சியில் அல்ஜீரிய அணி பிரான்ஸை 3-2 என்று கூடுதல் நேரத்தில் வென்றது. குடியரசுத் தலைவர் பூமெதியன் முன்னால். 1982 உலகக் கோப்பையில் மஹியத்தீன் காலெஃபோடு இணைந்து பொறுப்பில் இருந்தபோது, ஜூன் 16 அன்று ஸ்பெயினின் ஹிஹோனில் மேற்கு ஜெர்மனியை 2-1 என்று வீழ்த்தினார்கள். அதே ஊரில் ஒன்பது நாள் கழித்து மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் தங்களுக்குச் சாதகமான 1-0 வந்ததும் பந்தைத் தட்டிக்கொண்டே நேரத்தைக் கழித்து அல்ஜீரியாவை வெளியேற்றின. குழுவின் கடைசி ஆட்டங்கள் இரண்டும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும் என்ற விதி அந்த அவமானத்தின் விளைவு. 1988-இல் கொஞ்சக் காலம் அல்ஜீரியக் கால்பந்து சம்மேளனத் தலைவராகவும் இருந்தார்.

விடுதலைக்குப் பின் அல்ஜீரியா அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடியது என்று நினைக்க வேண்டாம். எதிரியின் நாட்டுக்கே திரும்பிப்போய்ச் சம்பாதிக்கிறார் என்ற முணுமுணுப்பும் அங்கே இருந்தது. இரண்டு கரையிலும் ஐயத்தோடு பார்க்கப்பட்டவர் என்பது, இரண்டு கரையும் இன்று உரிமை கொண்டாடும்போது மறந்துபோகிறது.

11 ஜனவரி 2025

கேள்வி கேட்டவர் மறுபடி வந்திருக்கிறார்: “சரி, வீணில்லை. ஆனால் பதிவேட்டில் அந்த நான்கு ஆண்டு பூஜ்யம்தானே?”

ஃபிஃபா பதிவேட்டில் பூஜ்யம்தான். பிரான்ஸுக்கு நான்கு ஆட்டம், விடுதலைக்குப் பின் அல்ஜீரியாவுக்குச் சில ஆட்டம், செந்த் எத்தியேனுக்குச் சுமார் 150 கோல் என்று அது நிற்கும். நடுவில் ஆடிய எண்பது தொண்ணூறு ஆட்டத்துக்கு வரி கிடையாது. அல்ஜீரியர்கள் தங்கள் கணக்கில் அவற்றைச் சேர்க்கிறார்கள்; ஆட்டக்காரர்கள் சொன்ன எண்ணிக்கையும் பத்திரிகைகளில் கிடைக்கும் எண்ணிக்கையும் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. எதிரணி எந்தப் பெயரில் இறங்கியது என்பதிலேயே குழப்பம் இருக்கும்போது எப்படி ஒத்துப்போகும்?

பெல்கிரேட் 6-1 ஆட்டத்தின் இரு தரப்பு வீரர் பட்டியலும் யாரிடமாவது இருந்தால் இங்கே போடுங்கள். அன்றைக்கு அந்தப் பக்கம் ஆடியவர்கள் யார் யார் என்று தெரிந்துகொண்டால், உங்கள் பூஜ்யத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் பேசலாம்.